செயின் கடை ஊருக்குள் வருகிறது: தடையா, விதியா, கூட்டுக் கொள்முதலா?

தருமபுரி, கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கம் வணிகர் சங்கத்தில் யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. பெரிய நிறுவனத்தின் சூப்பர் மார்க்கெட் கிளை ஒன்று, அதாவது செயின் கடை, வரப்போகிறது என்று செய்தி கிளம்பும். உடனே நாலு பேர் கவுன்சிலரைத் தேடிப் போய், "தீர்மானம் போட்டுத் தடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் சில ஊர்களில் தடை இருக்கிறதே என்பார் ஒருவர். சதுர அடிக்கு வரம்பு வைத்துவிடலாம் என்பார் இன்னொருவர். எதுவும் நடக்காது, நாமே சேர்ந்து சரக்கு எடுப்போம் என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது யாருடைய கடை?" என்று கேட்டுத் தடுக்கிற அதிகாரம் நம் நகராட்சிக்கு இல்லை. "எந்த இடத்தில், எத்தனை வண்டியோடு?" என்று கேட்கிற அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தவேண்டும், கூடவே கடைக்காரர்கள் சேர்ந்து கொள்முதல் செய்யவேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

## அடி எங்கே விழுகிறது

செயின் கடை வந்தால் மளிகைக் கடையில் கூட்டம் குறையும் என்பது தெரிந்ததுதான். எந்த வியாபாரம் குறைகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மளிகைக் கடை. சம்பளம் வருகிற முதல் வாரத்தில் அரிசி மூட்டை, எண்ணெய் டின், ஐந்து கிலோ துவரம் பருப்பு என்று பெரிய லிஸ்ட் முழுவதும் செயின் கடைக்குப் போய்விடுகிறது. ரொக்கமும் கார்டும் ஜிபேயும் அங்கே. இருபதாம் தேதிக்கு மேல் அதே வீட்டுப் பிள்ளை இந்தக் கடைக்கு வந்து நிற்கிறது: "ணா, அம்மா அரை லிட்டர் எண்ணெயும் கால் கிலோ பருப்பும் வாங்கியாரச் சொன்னாங்க. நோட்டுல எழுதிக்குவீங்களாம்." கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொள்கிறார். மறுத்தால் பழைய பாக்கியும் வராது.

ரொக்க வியாபாரம் அங்கே போய்க் கடன் வியாபாரம் மட்டும் இங்கே தங்குகிறது. கடை கடையாகச் சரக்குக் கொண்டுவந்து போடும் லைன் வண்டிக்காரரோ கைமேல் காசு கேட்கிறார், மிஞ்சிப்போனால் ஒரு வாரத் தவணை. கம்பெனி சரக்கில் நூற்றுக்கு எட்டு பத்து ரூபாய் நின்றாலே பெரிது என்கிற தொழிலில், முதல் போட்ட காசு நோட்டுக்குள் முடங்கினால் கடை ஆறு மாதம் தாங்காது.

வாங்குகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எம்ஆர்பிக்குக் கீழே விலை, கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் வசதி, ஒழுங்கான பில். வேலைக்குச் சேருகிற பெண்களுக்கும் அங்கே பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் உண்டு. இரண்டு பேரை வைத்து நடத்தும் தெருக்கடையில் அது கிடையாது. இதை மறைத்துவிட்டுச் சங்கம் பேசினால் ஊர் ஜனம் நம் பக்கம் நிற்காது.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும். நீதிமன்றத்தில் நிற்குமா? முடிவு யார் கையில், நகராட்சியிலா சென்னையிலா? முதல் வாரத்து ரொக்க வியாபாரத்தைக் காப்பாற்றுமா? நம் சொந்த ஆட்களுக்கே திரும்பி வந்து அடிக்குமா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மறைவான செலவெல்லாம் அதில்தான் இருக்கிறது.

| வழி | சட்டத்தில் நிற்குமா | யார் கையில் | மறைவான செலவு |
|---|---|---|---|
| முழுத் தடை | நிற்பது கடினம் | யார் கையிலும் இல்லை | வழக்குச் செலவு, வீணாகும் காலம் |
| பரப்பளவு வரம்பு | மாநில விதி மாறினால் நிற்கலாம் | மாநில அரசு | சின்னக் கிளைகள் தெருவுக்குள் வரும் |
| தனி அனுமதி, விசாரணை | புதுச் சட்டம் வேண்டும் | மாநில அரசு | உள்ளூர்க் கிளைக் கடைகளும் மாட்டும், லஞ்சம் |
| இடம், வண்டி விதிகள் | நிற்கும் | நகராட்சி, நகர் ஊரமைப்பு | நம் கடை முகப்பும் இடிபடலாம் |
| கூட்டுக் கொள்முதல் | சிக்கல் இல்லை | கடைக்காரர்கள் | குடோன், ஜிஎஸ்டி, உள்கடன் |

## முழுத் தடை

அமெரிக்காவில் இருப்பது உண்மைதான். கலிஃபோர்னியாவில் கார்மெல் என்ற சிற்றூர் 1980களிலேயே ஒரே மாதிரிக் கிளை உணவகங்களைத் தடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஹேய்ஸ் வேலி, நார்த் பீச் போன்ற சில பகுதிகளில் செயின் கடைகளுக்கே இடமில்லை. ஆனால் எல்லா ஊரிலும் இது நிலைக்கவில்லை. ஃபுளோரிடாவில் இஸ்லாமொராடா என்ற தீவு ஊர் இப்படி ஒரு விதி போட்டது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காப்பாற்றவேண்டிய தனி அடையாளம் ஊருக்கு இருக்கிறது என்று வாதிட்டார்கள், நிரூபிக்க முடியவில்லை.

இங்கே அரசியல் சாசனத்தின் 19(1)(g) பிரிவு எந்தக் குடிமகனுக்கும் தொழில் செய்யும் உரிமை தருகிறது. 19(6) பிரிவின்படி பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். "பெரிய கம்பெனி என்பதால் கூடாது" என்று நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டால், அதற்குப் பின்னால் எந்தச் சட்டப்பிரிவும் இல்லை. மாநில அரசே அதை ரத்து செய்யலாம். நீதிமன்றத்துக்குப் போனால் முதல் நாளிலேயே இடைக்காலத் தடை வரக்கூடும்.

ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கவேண்டும். 2012-ல் மத்திய அரசு பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. விரும்பாத மாநிலம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. முதல்வராக இருந்த ஜெயலலிதா தமிழ்நாட்டில் விடமாட்டோம் என்றார். "அப்போதே தடுத்தாயிற்றே" என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமான கதவு. இந்திய நிறுவனங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தடைத் தீர்மானத்துக்கு ஒரே ஒரு இடத்தில் வேலை இருக்கிறது: நகராட்சியின் சொந்தக் கடைகள். பஸ் நிலைய வணிக வளாகம், தினசரி மார்க்கெட் கடைகள் இவற்றில் நகராட்சியே கட்டட உரிமையாளர். ஒருவருக்கு ஒரு கடைதான், மகளிர் குழுவுக்கு இத்தனை கடை என்று ஏல நிபந்தனையிலேயே எழுதி வைக்கலாம். அதைத் தாண்டித் தடைக்காக ஊர்வலம், கடையடைப்பு என்று இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடையடைப்பு நாளிலும் செயின் கடை திறந்திருந்தால் நம் வாடிக்கையாளரை நாமே அங்கே அனுப்புகிறோம்.

## பரப்பளவு வரம்பு

கேட்க நல்ல யோசனை. இத்தனை சதுர அடிக்கு மேல் கடை கூடாது என்றால் பெரிய கடை வராது. உண்மையில் என்ன நடந்தது என்பதை ஜப்பானில் பார்க்கலாம். அங்கே 1973-ல் பெரிய கடைகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதே காலத்தில், 1974-ல், இதோ-யோகாடோ என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் டோக்கியோவின் டொயோசுவில் செவன்-லெவன் சின்னக் கடையைத் திறந்தது. அது ஏற்கெனவே இருந்த ஒரு மதுக்கடைக்காரரின் கடை. பெரிய கடைக்குக் கெடுபிடி இருந்த நாட்டில் பெரிய கம்பெனி சின்னக் கடையாக மாறித் தெருவுக்குத் தெரு நுழைந்தது.

இங்கிலாந்திலும் அப்படித்தான். 1996-ல் ஊருக்கு வெளியே பெரிய கடை கட்டுவதைத் திட்ட விதிகள் இறுக்கின. பெரிய நிறுவனங்கள் ஊருக்குள் சிறு கிளைகளாக வந்தன. தனிக் கடைகள் அதில் இன்னும் கூடுதலாக நசுங்கின என்று அங்கே செய்த ஆய்வு சொல்கிறது. ஃபிரான்சில் 1973-ல் தொடங்கிய வரம்பை 1996-ல் 300 சதுர மீட்டருக்குக் குறைத்தார்கள், 2008-ல் 1,000-க்கு உயர்த்தினார்கள். சில்லறை வணிகத்தில் வேலைவாய்ப்பு வளர்வதை அந்தச் சட்டம் தடுத்தது என்று பெர்ட்ரான்ட், கிரமார்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2002-ல் எழுதினார்கள்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சேலம் ரோட்டில் ஹைவே ஓரம் ஒரு பெரிய கடை இருந்தால் பழையபேட்டைக்காரர் மாதம் ஒருமுறைதான் போவார். அவசரத்துக்கு நம் கடைக்கு வருவார். அதே கம்பெனி ஆயிரம் சதுர அடியில் நாலு தெருவுக்கு ஒரு கிளை வைத்தால், இருபதாம் தேதி கால் கிலோ பருப்பும் அங்கேயே போய்விடும். தருமபுரி கடைவீதிக்கு நான் பரப்பளவு வரம்பைச் சிபாரிசு செய்யமாட்டேன். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் மாதிரி பேரூராட்சிகளில் தெருவே குறுகல், அங்கே கட்டட விதியே ஒரு வரம்பாக நின்றுவிடுகிறது.

## தனி அனுமதி, பொது விசாரணை

சான் பிரான்சிஸ்கோவின் பொதுவான முறை இதுதான். 2004-ல் தொடங்கி, 2006-ல் மக்கள் வாக்கெடுப்பில் உறுதியானது. பதினொன்றோ அதற்கு மேலோ வேறு கிளைகள், ஒரே மாதிரி முகப்பு, ஒரே மாதிரி சரக்கு, ஒரே சீருடை என்று இருந்தால், அக்கம்பக்கக் கடைவீதிகளில் திறப்பதற்கு முன் திட்டக் குழுவில் விசாரணை. அந்தத் தெருவில் ஏற்கெனவே எத்தனை செயின் கடை, எத்தனை காலிக் கடை என்று பார்ப்பார்கள். கடைக்காரரும் குடியிருப்பவரும் வந்து பேசலாம்.

முறையாகப் பார்த்தால் இதுதான் நியாயமானது. ஆனால் இதற்கு மாநிலச் சட்டம் வேண்டும். அப்படி ஒரு சட்டம் வந்தாலும் சேலத்திலிருந்து கிளை பரப்பிய ஜவுளிக்காரரும் உள்ளூர் ஸ்வீட் ஸ்டால்காரரும் அதே எண்ணிக்கையில் மாட்டுவார்கள். கேஸ் கேஸாக முடிவெடுக்கும் அதிகாரம் வந்தால் கூடவே கவரும் வரும். கவர் கொடுக்கும் சக்தி யாருக்கு அதிகம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மாநில அளவில் சங்கங்கள் கோரிக்கை வைக்கலாம். இந்த ஆண்டு வரப்போகிற கடைக்கு இது உதவாது.

## இடம், வண்டி, நடைபாதை விதிகள்

ஜப்பான் தன் பழைய சட்டத்தை 2000-ல் எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. உள்ளூர்க் கடைக்குப் போட்டி வருமா என்று அதில் பார்ப்பதில்லை. போக்குவரத்து, பார்க்கிங், சத்தம், குப்பை இவற்றைத்தான் பார்க்கிறார்கள். நம்மிடமும் அதற்கான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன: 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் 2023-ல் நடைமுறைக்கு வந்த விதிகள். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி பொருந்துவதால் நீதிமன்றத்தில் நிற்கும்.

எதையெல்லாம் கேட்கலாம்? அந்த மனை நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) வணிக மண்டலத்தில் இருக்கிறதா, குடியிருப்பிலா? வரைபடத்தில் பார்க்கிங் என்று காட்டிய தரைத்தளத்தில் பிறகு குடோன் போட்டார்களா? சரக்கு லாரி எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நின்று இறக்கும்? காலை எட்டரைக்குப் பள்ளிப் பிள்ளைகள் போகிற ரோட்டில் பதினான்கு சக்கர லாரி பின்னால் வந்து திரும்பினால் பென்னாகரம் ரோடு என்ன ஆகும் என்று தருமபுரிக்காரர்களுக்குத் தெரியும். சரக்கு இறக்கும் நேரத்தை இரவு பத்துக்கு மேல் என்று வைப்பது யாருடைய தொழில் உரிமையையும் பறிக்காது. நில வகைப்பாடு மாற்றம் கேட்டு மனு வந்தால் உள்ளாட்சி மன்றத் தீர்மானம் கேட்பது வழக்கம். கவுன்சிலரின் வாக்குக்கு உண்மையான எடை இருக்கிற இடம் அதுதான்.

இதற்கும் விலை உண்டு. சங்கக் கூட்டத்தில் பேச யாரும் விரும்பாத விஷயம் இது. விதி எல்லோருக்கும் ஒன்று என்றால் முதலில் அளவுநாடா நம் கடைக்கு வரும். சின்னசாமி தெருவிலும் ஆறுமுக ஆசாரி தெருவிலும் சாக்கடைக்கு மேல் போட்ட படிக்கட்டு, ரோட்டை நோக்கி நீண்ட தகரக் கொட்டகை, கடை வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் குடம், எண்ணெய் டின் எல்லாம் கணக்கில் வரும். "எங்களை விடுங்கள், அவர்களைப் பிடியுங்கள்" என்று மனு கொடுத்தால் அதுவே செயின் கடை வக்கீலுக்கு நல்ல ஆவணம். சங்கமே முந்திக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் நடைபாதையைக் காலி செய்து படம் எடுத்து வைத்துவிட்டு மனு கொடுப்பது மேல். வலிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுவை யாரும் ஒதுக்க முடியாது.

நடைபாதையைக் காலி செய்கிறோம் என்று தரைக்கடைக்காரரைத் துரத்திவிடவும் கூடாது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் அவர்களுக்கே. கீரைக்காரம்மாவும் பூக்காரரும் இருக்கிற தெருவுக்குத்தான் ஜனம் நடந்து வருகிறது. அவர்களைத் தூக்கிவிட்டால் ஜனம் வண்டியில் ஏறி நேராக ஏசி கடைக்குப் போகும்.

இன்னொரு ஓட்டை, எல்லை. நகராட்சி எல்லைக் கல்லைத் தாண்டினால் ஊராட்சி, அதற்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். ஊருக்குள் கெடுபிடி என்றால் நானூறு மீட்டர் தள்ளித் தேசிய நெடுஞ்சாலை 44 ஓரம் கடை எழும். அங்கே நகராட்சித் தீர்மானம் செல்லாது. மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் மட்டும்தான் பேசமுடியும்.

## கூட்டுக் கொள்முதல்

ஜெர்மனியின் பெரிய மளிகைச் சங்கிலிகளில் ஒன்றான எடேகா, 1898-ல் பெர்லினில் சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய கொள்முதல் கூட்டுறவு. இன்றும் பெரும்பாலான கடை தனித்தனி முதலாளியுடையது, கொள்முதல் கூட்டு.

நம் ஊரில் இதைத் தொடங்குபவர்கள் சோப்பு, பிஸ்கட்டில் ஆரம்பித்துச் சோர்ந்துபோகிறார்கள். கம்பெனி சரக்கு ஏரியா டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் வரும். இருபது கடை சேர்ந்தாலும் பெரிய விலைக் குறைப்பு கிடைக்காது. லாபம் பிராண்டு இல்லாத சரக்கில்தான். துவரை, உளுந்து, சர்க்கரை, மிளகாய், எண்ணெய் டின் இவற்றைச் சேலம் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டையிலிருந்தோ பெங்களூர் யஷ்வந்த்பூர் மண்டியிலிருந்தோ ஒரு லாரியாக எடுத்தால் மூட்டைக்கு நிற்கிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் நல்ல துருப்பு நம் மண்ணிலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் புளி. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து வரும் புதுப்புளியை விரலால் பிதுக்கிப் பார்த்து வாங்குகிற வீட்டுப் பெண்மணி பாக்கெட் புளியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்துக் கடை சேர்ந்து சீசனிலேயே எடுத்துப் பானையில் அடைத்து வைத்தால் ஆடி மாதம் வரை செயின் கடையால் அந்தத் தரத்தைத் தொடமுடியாது. கேழ்வரகு, சாமை, மாம்பழ சீசன், பாலக்கோட்டுத் தக்காளி எல்லாம் அதே கணக்கு. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்கும் காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கும் இன்றும் ஜனம் அலைமோதுவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

மறைவான செலவு மூன்று. குடோன் வாடகையும் முழுநேர ஆள் ஒருவரும். அடுத்து ஜிஎஸ்டி: ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளவர்கள் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். கூட்டு அமைப்பு பதிவு செய்து வரி போட்டு பில் கொடுக்கும், காம்போசிஷன் கடைக்காரர் அந்த வரியைத் திரும்பப் பெறமுடியாது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துத்தான் தொடங்கவேண்டும். மூன்றாவதும் கொடியதும் உள்கடன். நாலு உறுப்பினர் "அடுத்த லோடுக்குத் தர்றேன்" என்று சொன்னால் அமைப்பு அன்றே படுத்துவிடும். முன்பணம் இல்லையேல் மூட்டை இல்லை என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், தலைவருக்கும் சேர்த்து.

## யாருக்கு எது

கடை வரப்போகும் இடம் குடியிருப்பு மண்டலத்திலோ குறுகிய ரோட்டிலோ இருந்தால் இட விதிகளை முன்வைத்து இப்போதே மனு கொடுங்கள். ஹைவே ஓரம் வணிக மண்டலத்தில், பார்க்கிங்கோடு, ஒழுங்கான அனுமதியோடு வந்தால் எதிர்த்துச் சக்தியை வீணாக்கவேண்டாம். அந்தப் பணத்தைக் கூட்டுக் கொள்முதலில் போடுங்கள். பஸ் நிலையக் கடை ஏலம் வருகிறதென்றால் நிபந்தனையை மாற்றக் கவுன்சிலரைப் பிடியுங்கள். நகரின் முழுமைத் திட்டம் திருத்தத்துக்கு வந்தால் வரைவு வெளியிட்டபின் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தரப்படும். அந்த இரண்டு மாதம் பத்து ஆண்டுக் கடையடைப்புகளுக்குச் சமம், தூங்கிவிடாதீர்கள்.

சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வியை வெளிப்படையாகக் கேட்டுவிடவும் வேண்டும். செயின் கடைக்குக் கட்டடம் கொடுக்கிறவர் யார்? பல சமயம் அவர் நம்மூர்க்காரர், சில சமயம் அதே கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர். நீண்ட கால வாடகை, பெரிய அட்வான்ஸ் என்றால் யாருக்கும் ஆசை வரும். அவரிடம் சண்டை போடுவதைவிட, லாரி நேரம், பார்க்கிங் இடம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்பது நடக்கக்கூடிய காரியம்.

மனு எழுதுவதற்குமுன் கையில் மூன்று தாள் வேண்டும்: அந்த சர்வே எண்ணின் மண்டல வகைப்பாடு, கொடுத்த கட்டட அனுமதியின் நகல், அதில் காட்டிய பார்க்கிங் வரைபடம். நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே இதை அனுப்பிவிடுங்கள்.